தலையில்லாத கூலிப்படை

ஸ்ரீரங்கனுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அபிராமபுரத்தில் அவர் குடியிருந்த தெருவில் யாரைக் கேட்டாலும் "பரம சாது" என்பார்கள். சாதுவாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. வாயைத் திறக்கவேண்டிய இடத்தில் திறக்காவிட்டாலும், பாவம், அவர் சுபாவமே அப்படி என்று ஊர் விட்டுவிடும். அந்தச் சௌகரியத்தை மனுஷன் ஐந்து வருஷம் நன்றாக அனுபவித்தார். அதற்கான தண்டனையை அனுபவித்தது அவர் மனைவி பத்மாசனி.

அவருக்கு வேலை தி. நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடியில். தணிகாசலம் என்பவர் நடத்திய பல் லேப். டாக்டர்கள் பொக்கை வாய்களில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். ஸ்ரீரங்கன் மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, ரோஸ் நிற அக்ரிலிக்கில் பல் செட்டாக ஆக்கித் தருவார். மயிலாப்பூர், மாம்பலம் கல்யாணப் பந்திகளில் அப்பளத்தை நொறுக்குகிற பெரியவர்களில் பாதிப்பேர் வாயில் இருந்தது அவர் கைவேலைதான். பக்கத்து மேஜையில் குலாம் முகம்மது. பிளாஸ்டர் ஊற்றுவதும் பாலிஷ் போடுவதும் அவர் பொறுப்பு.

1991-இல் பத்மாசனியின் தம்பி பரத்வாஜ் லண்டனிலிருந்து லீவில் வந்தபோது அத்திம்பேருக்கென்று ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் தலை தனி, கை தனி, உடம்பு தனியாகக் குட்டிச் சிப்பாய்கள். ஒட்டி நிறுத்தினால் கட்டைவிரல் உயரம் வருவார்கள்.

"பழைய காலத்து ஐரோப்பாவுல எந்த ராஜா சம்பளம் குடுத்தாலும் அவனுக்காகச் சண்டை போடுவாளே, அந்தக் கூலிப்படை, அத்திம்பேர். அங்கே பெரியவாளே இதை வெட்டி ஒட்டி, பெயின்ட் அடிச்சு, கிளப் வெச்சுண்டு விளையாடறா. பல்லு பண்ற ஒங்க கைக்கு இதெல்லாம் ஜுஜுபி."

"கூலிப்படையா?" பத்மாசனி முகத்தைச் சுளித்தாள். "பேப்பர்ல போடறானே, பட்டப்பகல்ல வெட்டிட்டு ஸ்கூட்டர்ல ஓடறவா, அவாளா?"

"அவாளேதான் அக்கா. கொஞ்சம் பழைய மாடல்."

அவள் சிரித்துக்கொண்டே காபி கலக்கப் போனாள். ஸ்ரீரங்கன் அன்றைக்கே பிடித்துக்கொண்டார்.

அடேயப்பா, என்ன பிடி! பெட்டியில் இருந்த உடம்புகள் எல்லாம் நாலைந்து அச்சில் வார்த்தவை. ஒரே நிற்கிற நிலை, ஒரே தூக்கிய கை. அது அவருக்குப் பொறுக்கவில்லை. எந்த இரண்டு பேருக்கு ஒரே பல்வரிசை இருக்கிறது? முழங்காலை அறுத்து, வெந்நீரில் காட்டி மடக்கி, ஒருவனை உட்கார வைத்தார். இன்னொருவன் கையை எடுத்து வேறொருவன் தோளில் ஒட்டினார். அந்தக் காலத்து ஆட்கள் போட்டுக்கொண்ட பலூன் மாதிரி உப்பிய சட்டைக்கைகளுக்கு லேபில் மிஞ்சிய ரோஸ் பவுடரைக் குழைத்து அப்பினார். ஈட்டிக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி, தொப்பி இறகுக்கு டூத் பிரஷ் முள், கேடயத்துக்குத் தீர்ந்துபோன பற்பசை டியூபின் தகடு. ஒரு சிப்பாய்க்கு முன்பல் இரண்டு இல்லை. இன்னொருவனுக்குக் கன்னத்தில் வெற்றிலை அடக்கிய புடைப்பு. ஐரோப்பாவில் வெற்றிலை ஏது என்று பரத்வாஜ் டெலிபோனில் கேட்டபோது, "கூலிக்குப் போறவன் எங்கே வேணாலும் போவான், இந்தப் பக்கமும் வந்திருப்பான்" என்றார். சாதுவுக்கும் வாய் உண்டு பாருங்கள், வேண்டிய இடத்தில்.

தலையை ஒட்டிவிட்டால் தொப்பி விளிம்புக்கு அடியில் தூரிகை நுழையாது. அதனால் உடம்பை முழுக்க முடித்துவிட்டு, தலைகளைத் தனியே குண்டூசியில் செருகி வண்ணம் தீட்டுவார். அதிலும் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். "கோயில் விக்கிரகத்துக்கே கண் தொறக்கறது கடைசியிலதானே" என்பார். பத்மாசனிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பொம்மை விஷயத்தில் அவளுக்குத் தெரியாததா?

பத்மாசனியின் கொலு அந்தத் தெருவில் பிரசித்தம். அவள் அம்மா கொடுத்த மண் பொம்மைகள். தசாவதாரம், கல்யாண ஊர்வலம், முறைத்துப் பார்க்கிற செட்டியார், அவர் பக்கத்தில் சிரிக்கிற செட்டியாரம்மா. ஒரே பெண் வர்ஷினி கல்யாணமாகி பம்பாய்க்குப் போனபிறகு, வருஷம் முழுவதும் பத்மாசனி தனக்கென்று ஆசையாகச் செய்தது அந்த ஒன்றுதான். அம்மாவின் பொம்மைகளோடு அம்மாவின் சட்டமும் கூடவே வந்திருந்தது. மூக்கு உடைந்ததோ கை போனதோ, பின்னமான பொம்மை வீட்டில் இருக்கக்கூடாது. பழந்துணியில் சுற்றி, மன்னிப்புக் கேட்டு, கடலில் விட்டுவிட வேண்டும்.

1994 தொடக்கத்தில் பரத்வாஜ் போன் செய்தான். அவனுடைய கிளப்பில் கண்காட்சியாம். டிசம்பரில் வரும்போது அத்திம்பேரின் முழுப்படையையும் எடுத்துப்போய் வைக்கப்போகிறானாம். "ஒங்க பேரைப் போட்டு வெக்கப்போறேன். வெள்ளைக்காரன் வாயைப் பொளக்கணும்." ஸ்ரீரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. புதுசாக ஒரு படையையே வெட்டி ஒட்டினார். உடம்புகள் எல்லாம் அற்புதமாக அமைந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆளாகவே நின்றது. தலைகள் பிஸ்கட் டப்பாவில் காத்திருந்தன.

சித்திரையில் கண் வைக்க உட்கார்ந்தார். நாலு மயிர் மட்டும் விட்டு மீதியைக் கத்தரித்த தூரிகை. அதன் முனை கண்ணருகே போனதும் ஆடியது. கண் கன்னத்தில் போய் விழுந்தது. தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இந்த முறை காதில் விழுந்தது. மறுநாள் பார்த்தார், மறுவாரம் பார்த்தார். கை ஆடிக்கொண்டே இருந்தது. அவருக்கு அது என்னவென்று தெரியும். அவர் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசிக் காலத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாமல், வேஷ்டியெல்லாம் காபியாக, வந்தவர்கள் எதிரில் ஒருத்தர் ஊட்டிவிட வேண்டியிருந்தது. பல் செட் வேலையில் மணிக்கட்டை மேஜையில் ஊன்றிக்கொள்ளலாம், சமாளித்துவிடலாம். ஆனால் விஷயம் வெளியே போனால் தணிகாசலம் வைத்துக்கொள்வாரா?

"கண் தொறந்தாச்சோ?" என்று பத்மாசனி கேட்டாள்.

"நல்ல நாள் பார்க்கணும்."

பாவி மனுஷர் விளையாட்டாகத் தட்டிக்கழித்தார். அவள் நிஜமாகவே பஞ்சாங்கத்தைப் பிரித்து நாள் பார்த்துச் சொன்னாள். அந்த நாளும் போனது. மறுபடி கேட்டபோது, "ஆச்சு, எல்லாம் முடிஞ்சது, தூசி படக்கூடாதுன்னு மூடி வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டார். உடம்புகளை ஒரு ஸ்வீட் பெட்டியில் அடுக்கி, கயிறு கட்டி, பீரோவுக்குள் வைத்தார். பிஸ்கட் டப்பா மட்டும் பரண் ஓரத்தில் கிடந்தது.

புரட்டாசியில் பத்மாசனி கொலுவுக்காகப் பரணை ஒழித்தாள். டிரங்குப் பெட்டியைப் பிரித்து, தேறாத பொம்மைகளைத் தனியாக வைத்தாள். புல்லாங்குழல் பிடித்த கை போன கிருஷ்ணன், மூக்குப் போன குறத்தி. அப்போதுதான் டப்பா கண்ணில் பட்டது. திறந்தாள், உடனே மூடிவிட்டாள். ஒரு டப்பா நிறைய வெட்டிய தலைகள். பரத்வாஜ் தருகிற பெட்டிகளில் தலை எப்போதும் கூடுதலாகத்தான் வரும், மிஞ்சும். அது அவளுக்குத் தெரியும். படைதான் முடிந்துவிட்டதே.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் வந்தாள். "ஏன்னா, இந்த டப்பாவில இருக்கறதெல்லாம் மிச்சத் தலைதானே? கொலு வெக்கற ஆத்துல வேண்டாமே. ஒடைஞ்ச பொம்மையோட சேர்த்துக் கடல்ல விட்டுடட்டுமா?"

ஸ்ரீரங்கன் பேப்பரைத் தாழ்த்தவில்லை. கேள்வி நன்றாகவே காதில் விழுந்தது. டப்பா போய்விட்டால் கண் வைக்காத விஷயமும் அதோடு போய்விடும் என்பது ஒரு கணத்தில் முழுசாகத் தெரிந்தது.

"ம்" என்றார்.

சாயங்காலம் தெருமுனை ஆட்டோக்காரர் கபாலியின் வண்டியில் பெசன்ட் நகர் போய், வேளாங்கண்ணி கோயில் பக்கத்துக் கடலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாள். "பார்க்கவே கூசித்து, கண்ணை மூடிண்டு கொட்டிட்டேன்" என்றாள். அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போல இருந்தது. வெட்கமாக இல்லையா என்றால், அப்போது இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

டிசம்பரில் பரத்வாஜ் வந்தான். ஸ்வீட் பெட்டியைத் திறந்தான். உப்பிய சட்டைக்கைகளும் ஈர்க்குச்சி ஈட்டிகளுமாக அழகழகாக உடம்புகள். ஒன்றுக்கும் தலை இல்லை.

"தலை எங்கே, அத்திம்பேர்?"

"அந்த பிஸ்கட் டப்பாவிலதான் இருந்தது. ஒட்ட வேண்டியதுதான் பாக்கி."

பத்மாசனியின் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ! கண்ணெல்லாம் தொறந்தாச்சுன்னேளே, அந்தத் தலையா? நான் கேட்டேனே... மிச்சந்தானேன்னு கேட்டேன். நீங்க 'ம்'னேளே!"

"பேப்பர் படிச்சிண்டிருந்தேன். காதுல விழலை."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பரத்வாஜ்தான் குதித்தான். "அக்கா, ஒனக்கு அறிவிருக்கா? ராத்திரி பகல்னு உக்காந்து பண்ணினதைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டியிருக்கே! அவர் ஒரு வார்த்தை சொல்றாரா பாரு. வேற யாராவதா இருந்தா தெரியும்."

சொல்லாததற்கு இப்படி ஒரு நல்ல பேர் கிடைத்தது அவருக்கு. பத்மாசனி அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் கொலு வெக்கலை" என்றாள். "ஒங்க பொம்மையைத் தூக்கிக் கடல்ல போட்ட கையால, என் பொம்மையை எடுத்து அலங்காரம் பண்ண எனக்கு மனசு வராது."

அட மனுஷா, அப்போதாவது சொல்லியிருக்கலாமே! தொண்டைவரை வந்தது. தம்பி எதிரில் எப்படி என்று விழுங்கினார். அவன் ஊருக்குப் போனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவன் போனான். அடுத்த நவராத்திரிக்கு இவளே மனசு மாறிவிடுவாள் என்று நினைத்தார். அவள் மாறவில்லை.

அதன்பிறகு அவர் தூரிகையைத் தொடவில்லை. "நான் பண்ணின காரியத்துல மனசு விட்டுப்போச்சு அவருக்கு" என்று அவள் வருகிறவர்களிடம் சொல்வாள். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நவராத்திரியில் பெண்கள் குங்குமச் சிமிழோடு அழைக்க வருவார்கள். அவளும் போய்ப் பாடிவிட்டு, சுண்டலும் வெற்றிலைபாக்குமாகத் திரும்புவாள். "ஒங்காத்துல ஏன் மாமி வெக்கறதில்லை?" என்று கேட்டால், "முடியலைடீ" என்று முடித்துவிடுவாள். ஒரு வருஷம் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு இருவரும் வடக்கு மாடவீதி வழியாக வந்தார்கள். தெரு நெடுகப் பொம்மைக் கடைகள். ஒரு கிருஷ்ணனை எடுத்து, கை சரியாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வைத்துவிட்டாள். "சும்மா பார்த்தேன்" என்றாள், அவர் எதுவும் கேட்காதபோதே. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. நாளாக ஆக, முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டி இருந்ததே.

லேபில் குலாம் முகம்மதுவுக்கு மட்டும் தெரியும். நுணுக்கமான வேலையைச் சத்தமில்லாமல் தன் மேஜைக்கு இழுத்துக்கொண்டு, பாலிஷ் வேலையை இவர் பக்கம் தள்ளிவிடுவார். "முதலாளிய நான் பாத்துக்கறேன் ஐயங்காரே. வூட்ல சொன்னியா இல்லியா?"

"இந்த நவராத்திரி முடியட்டும் பாய்."

"போன வருசமும் இதத்தான் சொன்ன. அந்தம்மா பாவம்பா."

தெரியாதா அவருக்கு? தெரிந்துதான் இருந்தார்.

1999 ஆவணியில் ஒரு காலை, டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது காபி முழுக்க மடியில் கொட்டியது. பத்மாசனி ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவள் பிடிக்குள்ளும் கை ஆடியது. பயந்துபோய் அன்றைக்கே அடையாறில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், ஒரு பேப்பரில் வட்டம் போடச் சொன்னார். வட்டம் ரம்பப்பல் மாதிரி வந்தது.

"பயப்படற வியாதி இல்லை. பரம்பரையா வர்ற நடுக்கம். எப்போலேர்ந்து இருக்கு?"

டாக்டரிடம் பொய் சொல்லக்கூடாது என்று அவருக்கு ஒரு பழக்கம். "அஞ்சு வருஷமா. மொதல்ல நுணுக்கமா ஏதாவது வரையறச்ச மட்டும் இருந்தது" என்றார். சொன்னபிறகுதான் பக்கத்து நாற்காலியில் இருப்பது யார் என்று உறைத்தது.

பஸ்ஸில் அவளே டிக்கெட் எடுத்தாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்திலேயே நின்றாள்.

"அப்போ அந்தத் தலைகளுக்குக் கண்ணு?"

"இல்லை பத்மா. ஒண்ணுக்குக் கூட வைக்கலை. வெக்க முடியலை."

"நான் டப்பாவைக் கேட்டது?"

அவர் தரையைப் பார்த்தார். "காதுல விழுந்தது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "கை நடுங்கறதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன சிரிச்சிருக்கவா போறேன்?" என்றாள். "சரி, பயம். ஒங்கப்பாவைப் பார்த்தவர், பயம் இருக்கும். அது எனக்குப் புரியறது. ஆனா நான் அன்னிக்கு இனிமே கொலு வெக்கலைன்னேனே, அப்போ எங்கே போச்சு ஒங்க வாய்? கைதானே ஆடித்து, வாய்க்கு என்ன கேடு?"



"இந்த வருஷம் வெக்கறேன்" என்றாள். "நீங்க சொல்லி இல்லை. எனக்காக."

பொம்மைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்க அவர் கையை நம்ப முடியாது. கபாலியைக் கூப்பிட்டார்கள். பரண் குளியலறைக்கு மேலே. மேல்மாடிக் குழாய் எப்போதிலிருந்து கசிந்ததோ, இடையில் எத்தனை மழை பெய்ததோ, பெட்டியைத் திறந்து பார்க்கத் துணிச்சல் இல்லாமல் அவள்தான் அந்தப் பக்கமே போகவில்லையே.

"இன்னா மாமி, பொட்டி அடியில துருப்புடிச்சு ஓட்டையாயிக் கீது. உள்ள தண்ணி நின்னுக்கினு இருந்திருக்கு" என்றார் கபாலி இறக்கும்போதே.

துணி முடிச்சுகளை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே மண் இருந்தது. தசாவதாரத்தில் மச்சமும் கூர்மமும் ஒன்றாக ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தன. கல்யாண ஊர்வலத்தில் நாகஸ்வரக்காரர் இடுப்புவரைதான் மிஞ்சினார். செட்டியாரும் செட்டியாரம்மாவும் உருவம் கலையாமல் இருந்தார்கள், ஆனால் முகத்தில் வண்ணம் உரிந்து கண் போயிருந்தது. பத்மாசனி செட்டியாரம்மாவை மடியில் வைத்துக்கொண்டு, கண் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "அம்மா..." என்றாள் ஒரே ஒரு தடவை. ஸ்ரீரங்கனுக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் எல்லாவற்றையும் புதுத்துணியில் கட்டிக்கொண்டு கபாலி வண்டியில் பெசன்ட் நகர் போனார்கள். ஸ்ரீரங்கன் தானாகவே ஒரு முடிவு செய்து, பீரோவிலிருந்த ஸ்வீட் பெட்டியையும் எடுத்து வந்திருந்தார். கடற்கரையில் சுண்டலும் பலூனும் குழந்தைகளுமாகக் கூட்டம். பத்மாசனி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றிடமும் ஏதோ முணுமுணுத்து, அலையில் விட்டாள். மண் உடனே கரைந்தது. செட்டியாரம்மா மட்டும் ஒரு அலை தாங்கினாள்.

ஸ்ரீரங்கன் பெட்டிக் கயிற்றை அவிழ்க்கப் போனார். விரல் முடிச்சில் நிற்கவில்லை.

"அது என்னத்துக்கு?" என்றாள்.

"இதுவும் பின்னம்தானே, பத்மா. போயிடட்டும்."

"வேண்டாம்." அவள் முடிச்சின்மேல் கை வைத்தாள். "என்னோடது மண்ணு, கரைஞ்சுபோச்சு. ஒங்களோடது கரையாது. ஷோகேஸ்ல எடுத்து வையுங்கோ. தெனமும் பாருங்கோ. நானும் பார்க்கறேன்."

"பின்னமானது ஆத்துல இருக்கக்கூடாதும்பியே."

"அஞ்சு வருஷமா இருந்திண்டுதானே இருந்தது. நேக்குத்தான் தெரியலை."

ஈரப்புடவையோடு போய் ஆட்டோவில் உட்கார்ந்தாள். அவர் அவள் பக்கத்தில் ஏறி, பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கபாலி வண்டியை எடுத்தார். எல்.பி. ரோடு சிக்னலில் நின்றபோது, எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், பொட்டிக்குள்ள ஏதோ கடகடன்னு ஆடிக்கினே கீது?" என்றார்.

வண்டி அசையாமல்தான் நின்றிருந்தது. ஸ்ரீரங்கன் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். சத்தம் கூடியது. பத்மாசனி கை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொள்வாள் என்று அவர் வீடு வருகிறவரை எதிர்பார்த்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.